புறவாசலுக்கு வந்த வெள்ளிக் குருவி

அன்புமிக்க மாப்பிள்ளை செல்வக்குமார் அவர்களுக்கு, விஸ்வநத்தத்திலிருந்து மாமனார் தங்கச்சாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை மாரித்தாயும் சுகம். எங்கள் மகள் சினேகாவுக்கு இருமல் நின்றதா என்று அவள் அம்மா கேட்கச் சொன்னாள்.

தலைப்பொங்கலுக்கு வர முடியாது, வலசைப் பறவை பார்க்க ஏதோ ஏரிக்குப் போகிறோம் என்று போனில் சொன்னீர்கள். எனக்குக் கோபமில்லை, உங்கள் அத்தைதான் அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் பறவைதான் வேண்டுமென்றால் அது நம் வீட்டுப் புறவாசலிலேயே மார்கழிக் குளிருக்கு வந்து இறங்கியிருக்கிறது. போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். முருங்கை மரத்தடியில் உடம்பெல்லாம் வெள்ளியாக ஒரு குருவி நின்றது, நான் ஓடிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருவதற்குள் பறந்துவிட்டது, மறுநாள் பார்த்தால் அதே அளவில் ரோஸ் கலரில் ஒன்று. நீங்கள் கொடுத்த பறவைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன், இரண்டுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சோணைமுத்துவைக் கூட்டி வந்து காட்டினால், அன்றைக்குப் பார்த்து வெறும் தவிட்டுக்குருவி நிற்கிறது. "என்ன மச்சான், இதுக்கா சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன எழுப்பிக் கூட்டியாந்தீக?" என்று அவர் போய்விட்டார். திங்கட்கிழமை வெள்ளி திரும்ப வந்துவிட்டது. ஞாயிறு லீவு எடுக்கும் பறவை உண்டா மாப்பிள்ளை? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கண் டாக்டரிடமும் காட்டினேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கு, மத்தது எனக்குத் தெரியாது" என்கிறார். நீங்கள்தான் வந்து பேர் சொல்ல வேண்டும். வரும்போது கேமரா பிடிக்கச் சினேகாவையும் கூட்டி வாருங்கள்.

நீங்கள் இருவரும் யார் கண்ணும் படாமல் நிறைவாக வாழ மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,
மாமனார் தங்கச்சாமி

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை உங்கள் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே புறவாசலுக்குக் கூட்டிப்போனாள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்ததும் அவள் வேலைச் சேலையை ஊறவைக்கும் தொட்டியில் ஒரு தவிட்டுக்குருவி முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. அலுமினிய மருந்துத்தூள் வேலை என்றால் வெள்ளி, ரோஸ் தாள் ஒட்டும் வேலை என்றால் ரோஸ், ஞாயிறு கம்பெனி லீவு என்பதால் வெறும் தவிட்டு நிறம். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையில் தினமும் பார்க்கிற நிறம், எனக்குத்தான் தோன்றவில்லை. "ஏங்க, நம்ம பிள்ளையக் கூப்பிட ஒரு குருவியக் காட்டணுமா? பாக்கணும் போல இருக்குன்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, பாவம் குருவி என்று தொட்டியை மூடிவிட்டாள். ஆகவே மாப்பிள்ளை, இங்கே அபூர்வமான பறவை எதுவும் இல்லை. எங்களுக்குச் சினேகாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வாருங்கள்.