லொறிப் படங்கும் முத்தையா மாமாவும்

எனக்குத் தெரியாத வேலை உலகத்தில் எதுவுமே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது ஒன்று எனக்கும் இருந்தது. அந்த நம்பிக்கையால் என் கல்யாணமே கைநழுவப் பார்த்தது.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கையில் நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறியில் எனக்கு வேலை. செல்வியைப் பெண் கேட்டு வீட்டார் போயிருந்தார்கள். அவள் அப்பா முத்தையா மாமா சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க வரச் சொன்னார். (பரீட்சைதான். அதுகூடப் புரியாத மடையனில்லை நான்.)

தோட்டத்துக் குளம் மலை உச்சியில் இருந்தது. ஆனி மாதக் காற்று ஆளையே தள்ளும். மாமாவுக்கோ குளிர்காற்று பட்டால் மூச்சு வாங்கும். காற்றுப் படாமல் அவரை உட்கார வைத்தால் பெண் நமக்குத்தான் என்று முடிவு கட்டி, கொழுந்தை மூடும் தார்ப்பாயான படங்கை லொறி டிரைவர் பண்டா ஐயாவிடம் இரவல் கேட்டேன். "ஹரி மல்லி", சரி தம்பி என்று சிங்களத்தில் சொல்லித் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

குளக்கரையில் இரண்டு மரங்களுக்கு நடுவே படங்கை மறைப்பாகக் கட்டினேன். மாமா அதற்குள் உட்கார்ந்து, தூண்டிலைப் போட்டு, பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "வேலை தெரிஞ்ச பயதான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

லொறியில் நாங்கள் போடும் முடிச்சு ஒரு தினுசு. ஃபெக்டரிக்குப் போனதும் படங்கைச் சட்டென்று எடுக்காவிட்டால் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். அதனால் கயிற்று நுனியை ஓர் இழு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். என் கைக்குத் தெரிந்தது அந்த ஒரே முடிச்சுதான்.

தூண்டில் மிதப்பு முங்கியது. மாமா அவசரமாக எழுந்தார். பிடிமானத்துக்குப் பக்கத்தில் தொங்கிய கயிற்றைப் பிடித்தார்.

அடுத்த நொடி படங்கு அவரைச் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கியது. முழங்கால் அளவு தண்ணீர்தான். நானும் குதித்தேன். உருண்டு புரளும் பொட்டலத்தில் எது தலை, எது கால் என்று விளங்கவில்லை. ஒரு முனையைக் கட்டிப்பிடித்து, "மன்னிச்சிருங்க மாமா" என்று கெஞ்சினேன். பதில் மறுமுனையிலிருந்து வந்தது.

"அது காலு. தலை இங்க இருக்கு."

மாமா சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடந்தார். இரண்டு வாரம் போனது. பிறகுதான் சம்மதம் வந்தது. ஓடிப்போகாமல் தண்ணீரில் குதித்தானே, அது போதும் என்றாராம்.

எங்கள் வழக்கப்படி தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டும் அவருடைய சகோதரி. மேளம் முழங்கும்போது மாமா என் அக்காவிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நீ நல்லா இறுக்கிப் போடும்மா. மாப்பிள்ளை போடுறது லொறி முடிச்சு."

பந்தலே சிரித்தது. இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை முற்றினால் செல்வி கழுத்தைத் தடவிப் பார்த்து, "இன்னும் அவிழலதான், அண்ணி புண்ணியம்" என்கிறாள்.