கௌரவமான பிரச்சினை

"கமிட்டுவே பிரஷ்ன தியெனவத?"

மாகாணக் கல்வி அதிகாரி தொலைபேசியில் சிங்களத்தில் இப்படிக் கேட்டதும் முத்துலிங்கம் கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். குழுவில் பிரச்சினை இருக்கிறதாமா? யாரைப் பார்த்து இந்த வார்த்தை? மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளை கொடுத்த குடும்பத்தைப் பார்த்தா?

"கிசிம பிரஷ்னயக் நெஹெ, மஹத்தயா" என்றார், நெஞ்சை நிமிர்த்தி. ஒரு பிரச்சினையும் கிடையாது ஐயா.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அதன்பிறகு அதிகாரி சொன்னதை முத்துலிங்கம் இப்படி விளங்கிக்கொண்டார்: பிரச்சினையே இல்லையென்றால் குழு எதற்கு? செவ்வாய்க்கிழமை நானே நேரில் வருகிறேன். நாலைந்து நல்ல பிரச்சினையாவது இருந்தால் குழு இருக்கும். இல்லாவிட்டால் கலைத்துவிட்டு, வேறு தலைவரைப் போட்டுப் புதுக் குழு அமைப்பேன்.

"என்னவாங்க?" என்றாள் மனைவி நாகலெட்சுமி.

"நம்ம குழுவுல பிரச்சினை பத்தலையாம்."

"இது என்ன கூத்து? யார்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டுக்கங்க. அவுங்க வேற என்னமாவது சொல்லியிருக்கப் போறாங்க."

"எனக்கா சிங்களம் சொல்லித் தர்ற? தொரைக்கும் பொலிசுக்கும் நடுவுல நின்னு சிங்களம் பேசினவன் நான்."

இன்னொருவரிடம் விளக்கம் கேட்பது அந்த வீட்டுப் பழக்கமே அல்ல.

அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் 'சமூக ஆலோசனைக் குழு' தொடங்கி மூன்று வருஷமாகிறது. பள்ளிக்கூடம் ஊருக்குப் பொறுப்புக்கூற வேண்டும், ஊரின் சார்பில் குழு தட்டிக்கேட்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. 'தலைவர்' என்ற சொல் வந்த இடத்தோடு முத்துலிங்கம் அதை வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். பொறுப்புக்கூறல் என்றால், தாம் வகித்த பொறுப்புகளை மேடையில் எடுத்துக் கூறுவது என்று பொருள் கொண்டார். அதை ஒவ்வொரு விழாவிலும் தவறாமல் செய்தும் வந்தார். மற்றபடி மாலை போடுவதும், முன்வரிசையில் உட்காருவதும், விளையாட்டுப் போட்டிப் படத்தில் நடுவில் நிற்பதும் குழுவின் பணிகள்.

அந்த நடுவிடம் பறிபோனால்? மகளைக் கட்டிக்கொடுத்த சம்மந்தி பழனியாண்டி பஜாரில் கடை வைத்திருப்பவர். அவர் கடைக்கு முன்னால் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? கூடாது. உயிர் போனாலும் கதிரை போகக்கூடாது. செவ்வாய்க்கிழமைக்குள் பிரச்சினைகள் தேடியாக வேண்டும்.

மறுநாளே குழுவைக் கூட்டினார்.

"பிரச்சினை இருந்தா சொல்லுங்க" என்றார்.

மூன்று வருஷத்தில் யாரும் அவர்களைப் பார்த்து இப்படிக் கேட்டதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பள்ளி ஆசிரியை பூரணிதான் வாயைத் திறந்தாள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். சிங்களம் சரளமாக வரும், பயம் கொஞ்சம் குறைவு.

"பொம்பளப் புள்ளைங்க கக்கூஸுல சொட்டுத் தண்ணி இல்லைங்கய்யா. சின்னதுங்க லயத்து வீட்டுக்கு ஓடி வருதுங்க. பெரிய புள்ளைங்க மாசத்துல சில நாளு ஸ்கூலுக்கே வர்றதில்ல."

முத்துலிங்கம் காதைப் பொத்தவில்லை, அவ்வளவுதான்.

"ஏம்மா, அது பிரச்சினை இல்ல. அது அவமானம். வெளியாளு முன்னாடி கக்கூஸப் பத்திப் பேசுவாங்களா?"

"சரிங்கய்யா. கணக்கு வாத்தியார் தை மாசம் மாத்தலாகிப் போனாரு. பதிலுக்கு ஆளே வரல."

"அது அதிபர் சாருக்கு அவமானம்."

"இந்த மண்டபம் ஒழுகுதே?"

"இது எங்கப்பா பேர்ல கட்டின மண்டபம். இது ஒழுகாது."

சொல்லி வாய் மூடுமுன் அவர் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பனி" என்றார். "கௌரவமான பிரச்சினையா இருந்தா சொல்லுங்க."

"அது எப்படிங்கய்யா இருக்கும்?" என்று பூரணி கேட்டாள். நையாண்டியா, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாளா என்று முத்துலிங்கத்துக்குப் புரியவில்லை. கூட்டத்தை முடித்துவிட்டார்.

அடுத்து பள்ளிக்கூட அதிபர் சிவபாதத்திடம் போனார். யாழ்ப்பாணத்து மனிதர். மலைக்கு வந்து இத்தனை காலமாகியும் குளிருக்கும் பழகவில்லை, சிங்களத்துக்கும் பழகவில்லை.

"சார், செவ்வாய்க்கெழமைக்கு ஒங்ககிட்ட ஏதாவது பிரச்சினை இருக்குமா?"

அதிபர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன ஐயா இப்பிடிக் கேக்கிறியள்? என்னிலை ஆரும் ஏதும் சொன்னவையோ? வாற வருசம் எனக்கு ஓய்வு. சோலி சுரட்டு இல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தால் காணும்."

"ஒங்க மேல ஒண்ணுமில்ல சார். சும்மா, ஒரு சின்னப் பிரச்சினை..."

"சின்னனும் வேண்டாம், பெரிசும் வேண்டாம்."

அன்று பின்னேரமே அதிபர் குழுவில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். தேடிப் போன பிரச்சினை கிடைக்காததோடு, கையிலிருந்ததும் போயிற்று.

மிச்சமிருந்தது ஒரே வழி. முத்துலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஜாருக்கு இறங்கினார்.

"சம்மந்தி, செவ்வாய்க்கெழம நீங்க என்னோட சண்ட போடணும்."

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த பழனியாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமாவா, சும்மாவா?"

"சும்மாதான். நீங்களும் குழு உறுப்பினர்தானே. தலைவர் பதவிய சுழற்சி முறையில குடுக்கணும்னு எந்திரிச்சுக் கேளுங்க. நான் பெருந்தன்மையா மறுப்பேன்."

"நீங்க மறுத்ததும் நான் என்ன செய்யணும்?"

"ஒக்காந்துரணும்."

பழனியாண்டிக்கு அந்தக் கடைசிக் கட்டம் பிடிக்கவில்லை. "எல்லாத்துலயும் நானேதான் ஒக்காரணுமா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் சம்மந்தி கடைப்படி ஏறி வந்து கேட்டுவிட்டாரே. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். சாமான் வாங்க வந்த ஒரு கிழவி அதை நிஜமென்று நம்பி, "சொந்தத்துக்குள்ள வேணாம் சாமி" என்று சமாதானம் செய்துவைத்தாள். முத்துலிங்கத்துக்குப் பரம திருப்தி.

செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் வரவேற்புப் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. பெற்றோர் வாங்குப் பலகைகளில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தேநீர் கொடுக்கப் போன பூரணி, திரும்பி வர வழியில்லாமல், அதிகாரியின் பக்கத்திலேயே ஒரு முக்காலியில் ஒதுங்கிக்கொண்டாள்.

அதிகாரி நரைத்த மீசைக்காரர். சுற்றிலும் பார்த்துவிட்டு, தொலைபேசியில் கேட்டதையே திரும்பவும் கேட்டார்.

"பிரஷ்ன தியெனவத?"

அதிபர் கண்களை மூடி நல்லூர் முருகனை அழைத்தார். முத்துலிங்கம் தொண்டையைச் செருமிச் சம்மந்தியைப் பார்த்தார்.

பழனியாண்டி எழுந்தார். "தலைவர் பதவி எத்தன காலத்துக்கு ஒரே வீட்டுல இருக்கும்? சுழற்சி முறையில மத்தவங்களுக்கும் வரணும்!"

ஒத்திகையில் இல்லாத ஒன்று அப்போது நடந்தது. பெற்றோர் கைதட்டினார்கள். மழையையும் மீறிக் கேட்கும்படி தட்டினார்கள். முத்துலிங்கத்துக்குச் சுருக்கென்றது. பெருந்தன்மையாக மறுப்பதற்கு வைத்திருந்த வசனம் எங்கோ போய்விட்டது.

"பருப்பு நிறுக்கிறதும் தலைம தாங்குறதும் ஒண்ணா?" என்றார்.

பழனியாண்டி உட்காரவில்லை.

"என் தராசப் பத்திப் பேசாதீங்க சம்மந்தி. என் தராசு நேரா நிக்கும். நீங்க போட்ட கல்யாணப் பந்தல்தான் நேரா நிக்கல!"

"பந்தலுக்கு என்ன கொற?"

"ஒழுகுச்சு!" பழனியாண்டி கையைக் கூரைப் பக்கம் தூக்கினார். "மாப்பிள்ளைக்கு அப்பன் நானு, தலையில வாளியக் கவுத்துக்காத கொறையா ஒக்காந்திருந்தேன்!"

அதிகாரி பூரணியின் பக்கம் சாய்ந்து என்னவோ கேட்டார். பூரணி அவர் காதோரம் குனிந்து பதில் சொன்னாள். அதிகாரி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். குடும்ப மானம் தமிழில் போவது போதாதென்று சிங்களத்திலும் போகிறதே!

"மழ பெஞ்சா எந்தப் பந்தலும் ஒழுகத்தான் செய்யும்!" என்று முத்துலிங்கம் கத்தினார்.

"தண்ணி? தண்ணி வச்சீங்களா? எங்க வீட்டுப் பொம்பளைங்க கை கழுவத் தண்ணி இல்லாம எச்சிக் கையோட நின்னாங்களே! ஒரு வாளித் தண்ணிக்கு வக்கில்லையா?" பழனியாண்டியின் குரல் உடைந்தது. மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்தது.

பூரணி மறுபடியும் குனிந்தாள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஏம்மா பூரணி! அதெல்லாம் சொல்லாத! அது உள் விஷயம்!"

"தேவையானத மட்டுந்தாங்கய்யா சொல்றேன்."

"மேளகாரன்!" என்று பழனியாண்டி விடாமல் பிடித்தார். "தாலி கட்டுமுன்ன எந்திரிச்சுப் போனான். பதிலுக்கு ஒரு ஆளப் போட்டீங்களா? போன்ல பாட்டப் போட்டுத் தாலி கட்ட வச்சீங்களே!"

"அவன் போனதுக்கு நானா பொறுப்பு? ஒங்க தம்பி குடிச்சிட்டு அவன் நாயனத்தப் புடுங்கினான்!"

"எந் தம்பியச் சொல்லாதீங்க!"

இருவரும் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு நெருங்கினார்கள். துண்டு இழுபட்டது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. "ஐயாமாரே, பிள்ளையள் பாக்குதுகள்!" என்று அதிபர் நடுவில் புகுந்தார். தமக்கு வந்த குத்தை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். வாசலில் நின்ற நாகலெட்சுமி தலையிலடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் பூரணியின் வாய் ஓயவில்லை, அதிகாரியின் பேனாவும் ஓயவில்லை.

ஒருவழியாக நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டபோது முத்துலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. பந்தல், தண்ணீர், மேளகாரன், குடித்த தம்பி, எதுவும் பாக்கியில்லை. அவருடைய அப்பா கட்டிக்காத்த பெயர் அப்பாவின் பெயரிட்ட மண்டபத்திலேயே கிழிந்து தொங்கியது. இனிக் கதிரை கிடைத்தால்தான் என்ன?

அதிகாரி எழுந்து நேராக அவரிடம் வந்தார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தழுதழுத்த குரலில் ஏதோ சொன்னார். மழை இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு பழனியாண்டியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

இரக்கப்படுகிறார்! கணக்கப்பிள்ளை வீட்டுக்காரனைப் பார்த்து ஒருவன் இரக்கப்படுகிறான்! முத்துலிங்கத்துக்குத் தாங்கவில்லை. குடும்பத்தின் நிலைமையை இரண்டு வார்த்தையாவது எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று குடையில்லாமல் மழையில் ஓடினார்.

ஜீப் புறப்படத் தயாராக நின்றது. பின் ஆசனத்தில் அதிகாரி தொலைபேசியில் யாரையோ சிங்களத்தில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். முத்துலிங்கம் சாரதியின் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். சாரதி ஹட்டன் பக்கத்துத் தமிழ் ஆள். கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, சார்கிட்ட சொல்லுங்க. எங்க குடும்பம் இப்படிப்பட்ட குடும்பம் இல்ல. சம்மந்தி ஏதோ கோவத்துல..."

"எதுக்குங்கய்யா மன்னிப்பெல்லாம்? போற ஸ்கூலெல்லாம் 'பிரஷ்ன தியெனவத', கமிட்டியில கேக்குறதுக்குக் கேள்வி இருக்கான்னு கேட்டுக் கேட்டே சார் அலுத்துப் போயிருந்தாரு; பொம்பளப் புள்ளைங்க கக்கூஸுக்குத் தண்ணி எங்க, கணக்கு வாத்தியார் எங்கன்னு கேட்டு ரெண்டு பெரிய மனுசங்க சட்டையக் கிழிச்சுக்கிட்டத அந்த டீச்சரம்மா எடுத்துச் சொன்னப்ப அழுதே போயிட்டாருங்க!"