ஏழாவது பாட்டு

எதையாவது எண்ணாமல் என்னால் உட்கார முடியாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு மீட்டர் இல்லாததால் மாடிப்படி, மாத்திரை, எதிர்வீட்டுக்காரரின் தும்மல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒரு ராஜாவை இரண்டு தடவை சாகடித்தது.

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபம். நாற்பது ஆண்டுகளாக யாரும் தொடாத ஓர் இசை நாடகத்தை உள்ளூர்க்காரர்கள் தூசி தட்டி மறுபடி மேடையேற்றினார்கள். ராஜா, என் சம்பந்தி (மகளின் மாமனார்). ராஜாவின் தங்கை, என் மனைவி வசந்தா. (அறுபத்தொரு வயது இளவரசி.) அவளுக்கு அது முதல் மேடை. பெரம்பலூரில் பஸ் ஏறியதிலிருந்து என் கையை விடவில்லை.

"ஏங்க, எல்லாருக்கும் ஒன்ஸ்மோர் கேப்பாங்க. எனக்கு மட்டும் யாரும் கேக்கலன்னா மானம் போயிடும். ஏழாவது பாட்டு என்னோடது. முடிஞ்சதும் ஒரு சத்தம் குடுங்க. ஒருத்தர் ஆரம்பிச்சா போதும்."

"எனக்கே எண்ணச் சொல்லித் தர்றியா?" என்றேன்.

ஆர்மோனியம் துள்ளியது. மண்டபமே தொடையில் தாளம் போட்டது. என் கவலையெல்லாம் வாசலில் விட்ட புதுச் செருப்பின் மேல். அங்கே கிடந்த நூற்றுப் பதினெட்டு ஜோடியில் அது ஒன்றுதான் புதிது. நான்காவது தடவை பார்க்கப் போனவன் அங்கேயே நின்று, ஒலிபெருக்கியில் வந்த மீதிப் பாட்டுகளை விரல் மடக்கி எண்ணினேன். ஏழு முடிந்தது. உள்ளே ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஒன்ஸ்மோர்!"

(ஏழாவதாகக் கேட்டது ஆண்குரல் என்பது உறைக்கவில்லை. எண்ணுகிறவனுக்குக் குரல் எதற்கு?)

மேடையில் ராஜா, நெஞ்சில் அம்போடு உருகி உருகிப் பாடி, அப்போதுதான் செத்திருந்தார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே நின்றபோது, மூன்றாவதாக வந்த கோமாளி பாட்டை ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டு இரண்டு முறை வாங்கியிருந்தார்கள். அதை நான் இரண்டு பாட்டாக எண்ணிவிட்டேன். முடிந்தது ஆறாவது பாட்டு.

செத்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். "சம்பந்தி, நீங்களா?" என்றது மைக்.

"அவரு கேட்டுட்டாருல்ல, எந்திரிங்க ராஜா! இன்னொருக்கா சாவுங்க!" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

ஒன்ஸ்மோர் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது நாடக மேடையின் சட்டம். சம்பந்தி எழுந்து, அம்பைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து பாடி மறுபடி செத்தார். (இரண்டாவது சாவில் சுருதி நன்றாகச் சேர்ந்திருந்தது.)

பிறகு வசந்தா அவர் அருகே மண்டியிட்டுப் பாடினாள். சமையலறையில் முணுமுணுக்கும் குரலா இது? பாட்டு முடிந்ததும் அவள் கண்கள் என்னைத் தேடின. கத்த வாயைத் திறந்தேன். மறுபடி தப்பாக எண்ணியிருந்தால்? விரல்களை மடக்கிச் சரிபார்க்க ஆரம்பித்தேன். மூன்று விநாடி. நான்கு. ஐந்து. அவள் முகம் வாடத் தொடங்கியது.

அப்போது பிணம் கையைத் தூக்கியது. "ஒன்ஸ்மோர்!"

மண்டபமே எழுந்து கேட்டது. வசந்தா மூன்று முறை பாடினாள்.

திரும்பும் பஸ்ஸில் முகப்பவுடரைத் துடைத்தபடி சொன்னாள்: "செத்துக் கெடந்த அண்ணனுக்கு இருந்த அறிவு, உசுரோட இருந்த ஒங்களுக்கு இல்லையே." சொல்லிவிட்டு, அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். (செருப்பு பத்திரமாகத்தான் இருந்தது.)

இன்றும் சம்பந்தி வீட்டுக்கு வந்தால் நான் இரண்டாவது கரண்டி சாம்பார் கேட்க முடியாது. உடனே நாற்காலியில் சரிந்து, ஒரு கண்ணைத் திறப்பார்: "இன்னொருக்கா சாவட்டுமா, சம்பந்தி?"

இதுவரை இருபத்தாறு முறை செத்திருக்கிறார். இந்த எண்ணிக்கையில் தப்பில்லை.