தேனப்பன் மடக்கப் போன கை

ஊருக்குத் திரும்பியே தீருவது என்ற முடிவோடு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியை விட்டு எழுந்தார் தேனப்பன். காரைக்குடியில் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. சைகோனில் அவர் காது பூட்டாமல் கிடந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் நுழைந்து நுழைந்து மனிதர் ஓய்ந்துபோனார். மிளகு ஏற்றுமதி ஆபீசில் இருபது வருஷம் சரக்கு மாதிரியை முகர்ந்து பார்த்துத் தும்மியவருக்கு, ஐம்பத்தேழு வயதில் மிச்சமிருந்தது படுக்கும் ஆசை ஒன்றுதான்.

மனைவி மீனாளுக்கு அப்படி இல்லை. த்ருவோங் டின் தெருக் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், குடியிருந்த மாடியிலேயே சமைத்து முப்பது பேருக்கு மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு வர முடியாது என்று ஆறு மாதமாகச் சொல்லிவந்தாள். தேனப்பன் கெஞ்சிப் பார்த்தார். கோபித்துப் பார்த்தார். பட்டினி கிடந்தும் பார்த்தார். பட்டினி அரை மணி நேரம் தாங்கியது. அன்றைக்கு வீட்டில் நெய் சொட்டும் உக்காரை இனிப்பு.

அவர்கள் வீட்டுக்குக் கீழே மேசையில் முழங்கை ஊன்றிக் கையை மடக்கும் கைமல்யுத்த கிளப் ஒன்று இருந்தது. நடத்தியவர் மார்செல். அம்மாவைப் பெற்ற தாத்தா காரைக்கால்காரர் என்பதால் அவரிடம் தமிழ் கொஞ்சம் தங்கியிருந்தது. போட்டிகளில் நடுவராகவும் நிற்பவர். சாயங்காலங்களில் தேனப்பன் அங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பார்த்துப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. பேச்சில் மடக்க முடியாதவளைக் கையால் மடக்கிவிட்டால்?

"தோத்தவங்க ஜெயிச்சவங்க சொல்றதைக் கேக்கணும். நான் ஜெயிச்சா அடுத்த மாசம் காரைக்குடி," என்றார்.

மீனாள் வெங்காயத் தட்டை இறக்கி வைத்தாள். மறுப்பாள் என்றுதான் அவர் நினைத்தார். முறைப்படி ஆட வேண்டும், மார்செல்தான் நடுவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தேனப்பனுக்குச் சிரிப்பு வந்தது. எந்த முறையில் ஆடினால் என்ன, ஆம்பளைக் கை ஆம்பளைக் கைதானே.

மார்செல் விதிகளைச் சொன்னார். முழங்கை மெத்தையை விட்டு எழும்பக்கூடாது. மற்றக் கை மேசைக் கம்பியை விடக்கூடாது. 'கோ' சொல்லுமுன் அசையக்கூடாது. இரண்டு தப்பு செய்தால் தோல்வி. வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனி ஆட்டம். தேனப்பன் பாதிதான் கேட்டார். மீனாள் கேட்கவே இல்லை. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். கிளப்புக்குச் சோறு கொண்டுவருகிறவள் அவள். தூக்குச்சட்டி காலியாகும்வரை அங்கேயே நின்று ஆட்டம் பார்ப்பாள்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஊரறியப் பிடித்த வலக்கையைத் தேனப்பன் மறுபடி பிடித்தார். 'கோ' என்றதும் மூச்சடக்கி அழுத்தினார். மீனாள் எதிர்த்து அழுத்தவில்லை. கையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். கையோடு அவர் முழங்கையும் எழும்பிப் போனது. தப்பு என்றார் மார்செல். திரும்பப் பிடித்தார்கள். திரும்ப இழுத்தாள். திரும்ப எழும்பியது.

நான் மடங்கவே இல்லையே என்று தேனப்பன் பரிதாபமாகக் கேட்டார். மடங்க வேண்டியதில்லை, தோற்றாலே போதும் என்றார் மார்செல்.

இருபது வருஷத்துக் களைப்பும் அந்த முழங்கையில் வந்து உட்கார்ந்தது. காரைக்குடி வீட்டின் நிழல், குளிர்ந்த தரை, மத்தியானத் தூக்கம் எல்லாம் கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் இடக்கை ஞாபகம் வந்தது. அதையும் ஆடலாம் என்றார்.

"வேணாங்க, உங்க தோளு தாங்காது," என்றாள் மீனாள். "இந்த வருஷம் இருப்போம். ஊருக்குப் போறதை அடுத்த வருஷம் பேசிக்கலாம்."

பயப்படுகிறாள் என்று தேனப்பனுக்குத் தெம்பு வந்தது. "இடக்கையிலயும் தோத்தா, ஊருங்கிற பேச்சையே நான் எடுக்கமாட்டேன்," என்றார்.

மீனாள் பெருமூச்சு விட்டு, இடக்கையை மேசைமேல் ஊன்றினாள். மார்செல் 'கோ' என்றார். அந்த ஓகாரம் அடங்குவதற்குள் தேனப்பன் கை மெத்தையில் படுத்துவிட்டது. ஆசைப்பட்டபடி படுத்தது அது ஒன்றுதான்.

விரல்களை நீவிக்கொண்டே, அவளுக்கு இடதுகைப் பழக்கமா என்று கேட்டார்.

"சின்னதுலேயே எங்க ஆத்தா அதட்டி, சாப்பிடுறதையும் பரிமாறுறதையும் வலது கைக்கு மாத்திட்டாக," என்றாள். "மாவு பிசையிறது, தேங்காய் துருவுறதெல்லாம் இன்னும் இதுலதான். இருபத்தெட்டு வருஷத்துல ஒருக்கா அடுப்படிக்குள்ள வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

திங்கட்கிழமையிலிருந்து தேனப்பன் ஆபீசுக்குப் போகுமுன் முப்பது பேருக்கும் தேங்காய் துருவுகிறார். முழங்கை எழும்பாமல்.