அவரே பஸ்ல வந்துருவாரு

ஊருக்கு நல்லது சொல்லக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தாங்கள் சொல்வது ஊருக்குப் புரியவில்லை என்றால், ஊருக்குத்தான் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்த காலம் ஒன்று உண்டு. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஜோல்னாப் பை. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் தலைகால் எப்படிப் புரியும்?

ஒரு தொண்டு நிறுவனத்தில் சுகாதாரப் பிரச்சார வேலை. ஜனங்களிடம் பேசிப் பேசியே பீடியை விடவைக்க வேண்டும், உப்பைக் குறைக்கவைக்க வேண்டும், எப்போதாவது ஒரு தடவை பிரஷர் பார்க்கவைக்க வேண்டும். (எங்கள் வீட்டில் அப்பாவின் தட்டிலிருந்து ஊறுகாயை நகர்த்த என்னால் முடிந்ததில்லை. நல்லவேளை, இன்டர்வியூவில் அதை யாரும் கேட்கவில்லை.) நான் விம்கோ நகர்ப் பெண் என்பதால் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். லோக்கல் பொண்ணு, எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் வீட்டுக்கும் அந்தக் குப்பத்துக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலைதான். ஆனால் மீன் வாங்குவதைத் தவிர வேறெதற்கும் நான் அதைத் தாண்டியதில்லை. இதையும் யாரும் கேட்கவில்லை.

முதலில் போட்ட இரண்டு மருத்துவ முகாம்களுக்கும் ஈ காக்கை வரவில்லை. இல்லை, ஒருவர் வந்தார். நாங்கள் போட்டிருந்த பிளாஸ்டிக் சேர்கள் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, மூன்றாவது முகாமும் இப்படியே போனால் திட்டத்தை வேறு ஏரியாவுக்கு மாற்றிவிடுவோம், நீங்களும் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

அவரே வழியும் காட்டினார். வெளிநாட்டுப் பிரச்சாரப் போஸ்டர்கள் சிலவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரே ஒரு முகம், அதன் கீழே பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் விவரம். "முகம் பேசட்டும்" என்றார். எனக்குப் புல்லரித்தது.

பேசுவதற்கு ஒரு முகம் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. தேசப்பன். ஃபைபர் படகில் எஞ்சின் பிடிக்கிறவர். மீசையும் பீடியும் சேர்ந்தே முளைத்தவர் என்று குப்பத்தில் சொல்வார்கள். என் பேச்சைக் கேட்டு (அப்படித்தான் நான் நம்பினேன்) அவர் பீடியை விட்டிருந்தார். "உட்டுட்டேம்மா, மோந்துகூடப் பாக்கறதில்ல" என்று சத்தியம் செய்தார். உடனே அவரை நிற்கவைத்துப் படம் எடுத்தேன். வணக்கம் வைங்க என்றேன், கை கூப்பினார். சிரிக்காதீங்க, கம்பீரமா இருக்கணும் என்றேன், உம்மென்று நின்றார்.

தேரடி பக்கம் இருந்த ஃப்ளெக்ஸ் கடைக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நல்ல மனுசனா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்ல மனுஷன்ண்ணே."

"இன்னாமா பிரச்சனை?"

"பீடிதான்."

அண்ணன் உச்சுக்கொட்டினார். மேஜைமேல் கிடந்த தன் சிகரெட் பாக்கெட்டை மெதுவாக டிராயருக்குள் தள்ளினார். என் பிரச்சாரம் அங்கேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று மகிழ்ந்து போனேன். கறுப்பு வெள்ளையில் வேண்டும் என்றதற்குத் தெரியும் தெரியும் என்று தலையாட்டினார். படத்தின் இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு வைத்தார். விழிப்புணர்வு ஒளி என்று நான் எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் பூ வைத்தார், அழகாக இருந்தது. முகாம் நடக்கும் நாளையும் இடத்தையும் கீழே போடச் சொன்னேன், போட்டார். "இவண்" என்று எங்களோடு வேலை செய்த மகளிர் குழுவின் பெயரையும் போட்டார். பீடியின் கேடுகளைப் பற்றி நான் எழுதியிருந்த நான்கு பத்திகளும் எறும்பு ஊர்கிற மாதிரி அடியில் உட்கார்ந்தன. மற்ற சமயங்களில் நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடிக்கிறவர், இந்த மாதிரி விஷயத்தில் லேட் பண்ணக்கூடாது என்று கையோடு அடித்துக் கொடுத்தார்.

எங்கள் ஏரியாவில் பிறந்த குழந்தைகூட அந்த பேனரைப் பார்த்திருந்தால் அழுதிருக்கும். இங்கே ஒருவர் முகம் ஃப்ளெக்ஸில் ஏறுவது பிறந்தநாளுக்கு, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு. அதெல்லாம் கலரில், கூலிங் கிளாஸோடு. கறுப்பு வெள்ளையில், பூவும் விளக்கும் வைத்து, கை கூப்பி ஏறினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். தினமும் நான் ஆட்டோவில் கடந்து போகிற சுவர்களில் அந்த மாதிரி எத்தனையோ பேர் என்னைப் பார்த்துக் கை கூப்பியிருக்கிறார்கள். நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

முகாமுக்கு முதல் நாள் சாயங்காலம் குப்பத்து முனையில் பேனரைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் போய் இறங்கினால், என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. தெருவை அடைத்து சாமியானா. சேர் போதாமல் ஜனங்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பேப்பர் கப்பில் டீ சுற்றிக்கொண்டிருந்தது. விடியுமுன் கடலுக்குப் போயிருக்க வேண்டிய படகுகள் அத்தனையும் கரையில் வரிசையாக நின்றன. முகாமுக்காகத் தொழிலுக்குப் போகாமல் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலைந்து பேர் கையில் மாலை வேறு. எனக்குத்தான் போடப்போகிறார்கள் என்று கூச்சமாக இருந்தது. அவசரமாகக் கூட்டத்தோடு ஒரு செல்ஃபி எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். அவர் கைதட்டுகிற பொம்மைகளை வரிசையாகத் திருப்பி அனுப்பினார்.

பிறகு நடுவில் போய் நின்று, "இவ்ளோ பேரு வந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். குப்பத்துத் தலைவர் எழுந்து வந்தார். படித்த பொண்ணு, துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மிகவும் தன்மையாகக் கேட்டார்.

"தேசப்பனை எப்பம்மா கொண்டாருவாங்க?"

"அவரே பஸ்ல வந்துருவாருண்ணா" என்றேன்.

அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது விழுங்கவில்லை. தலைவர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். அவர் பார்த்த வழியே நானும் பார்த்தேன். முதல் முறையாக எனக்கும் அது தெரிந்தது.

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு படகும் கடலில் இறங்கக்கூடாது. அது அவர்கள் கட்டுப்பாடு. விடிவதற்கு முன் வலையோடு வந்தவர்கள் பேனரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். தேசப்பனின் வீடு பூட்டிக்கிடந்தது. அவர் பழவேற்காட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. (அவர் போன் பாதி நாள் உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டு அரிசிப் பானையில்தான் இருக்கும்.) அவர் மனைவி கன்னியம்மா இருட்டோடு இருட்டாகக் காசிமேட்டு ஏலத்துக்குப் போயிருந்தார். போன இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று ஊரே முடிவு கட்டி, சாமியானா போட்டுவிட்டது.

அந்த நேரத்தில்தான் கன்னியம்மா மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ரெண்டு பெண்கள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார்கள். அவர் கூடையை இறக்கிவைத்தார், பேனரை நிதானமாகப் பார்த்தார், கட்டிக்கொண்டவர்களை விலக்கினார்.

"எங்கைல சொல்லாம டீ குடிக்கக்கூடப் போவாத ஆளு. சொல்லாம சாவுமா?"

அதற்குள் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து தேசப்பன் வந்துகொண்டிருந்தார். முகாமின் நாயகன் என்பதால் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கூட்டத்தின் கடைசியில் நின்று, எட்டிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம், "யாருபா செத்தது?" என்று கேட்டிருக்கிறார். கேட்கப்பட்டவர் அலறிய அலறலில் எல்லோரும் திரும்பினோம். தேசப்பன் உயிரோடு நின்றார். வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் படகுக் கூட்டாளி ஆறுமுகத்திடம் போனார். பின்னால் நின்றிருந்த அந்தச் சில நிமிஷத்தில், நாளையிலிருந்து எஞ்சினை நான் பிடிக்கிறேன் என்று ஆறுமுகம் யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"எஞ்சின உனுக்கு எவன்டா குடுத்தான்?" என்றார். கையில் ரோஜா மாலையோடு நின்ற ஆறுமுகம், மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தார்கள், தலைவரைத் தவிர. "ஒரு நாள் தொழில் பூட்ச்சும்மா. இத்தினி வூட்டுக்கும் நீ இன்னா பதில் சொல்லப்போற?" என்றார். கத்திக்கூடக் கேட்கவில்லை. அத்தனை வீட்டின் ஒரு நாள் சாப்பாட்டை ஒரு பேனரால் கெடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வேலை போனால் போகட்டும், எப்படியாவது அழாமல் நின்றால் போதும் என்றிருந்தது. அதுவும் முடியவில்லை, அழுதேன்.

அப்போது கன்னியம்மா நடுவில் வந்தார். முதலில் புருஷன் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி மணலில் போட்டு மிதித்தார்.

"இந்தப் பொண்ணு படம் போட்டது தப்புதான். பீடிய உட்டுட்டேன்னு பொய் சொல்லிப் படம் புடிச்சிகினாரு பாரு, அது அத்தவிடத் தப்பு" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இன்னா, சும்மாதான குந்திகினு கீறீங்க? கைய நீட்டுங்க, டாக்டரு பாக்கட்டும்."

கன்னியம்மாவை எதிர்த்துப் பேச அங்கே யாருக்கும் தைரியமில்லை. குப்பமே வரிசையில் நின்று கையை நீட்டியது. எங்கள் டாக்டரம்மா பார்த்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, இங்கே யாருக்கு வியாதி, யாருக்குக் கோபம் என்றே பிரிக்க முடியவில்லை, எல்லாருக்கும் பிரஷர் ஏறியிருக்கிறது, அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அடுத்த வாரமும் எல்லோரும் வந்தார்கள். கோபம் போக மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் காரணம். திட்டம் பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. மேலாளர் அந்த செல்ஃபியை ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டார். எனக்குப் பின்னால் ஆறு பேர் அழுதுகொண்டிருப்பதை இன்றுவரை அவர் கவனிக்கவில்லை.

தேசப்பன் அன்றோடு பீடியை விட்டார். இந்த முறை நிஜமாகவே. என் நான்கு பத்திகளைப் படித்துத் திருந்தினார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறுமுகத்துக்கு முன்னால் செத்துப்போகக்கூடாது, போனால் எஞ்சின் அவன் கைக்குப் போய்விடும் என்கிற ஒரே வைராக்கியம். இது தெரிந்த ஆறுமுகமும் வீம்புக்குப் பீடியை விட்டுவிட்டார். (இதற்கு அறிக்கையில் "சக மனிதர்களின் தாக்கம்" என்று எழுதினேன்.)

இதெல்லாம் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரியக் காரணம், தேசப்பன் இப்போது என் மாமனார். அன்றைக்கு எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் ஷிஃப்டில் இருந்த அவர் மகன் சேகர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே பைக்கில் வந்தார். வந்து பார்த்தால் அப்பா தன் சாவுக்குப் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கோபத்தில் என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் திட்டிக்கொண்டே கூட வந்தார். அந்தத் திட்டு இன்னும் முடியவில்லை. எங்கள் கல்யாணத்தில் மாமா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பேனரில் தன் படம் கலரில் இருக்க வேண்டும், கூலிங் கிளாஸோடு.

அந்தப் பழைய பேனர் இப்போது படகு எஞ்சினுக்கு மூடாக்கு. எங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டுக்கு லேட்டானால், அவரே பஸ்ல வந்துருவாரு என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன மாதம் காற்று பலமாக அடித்த ஒரு நாள், எல்லாப் படகும் திரும்பிவிட்டது, மாமாவின் படகு மட்டும் வரவில்லை. மத்தியானம் தாண்டியும் அத்தை கரையிலேயே நின்றார். ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றோம். எங்க, இன்னும் காணோம் என்று யாரோ கேட்டதற்கு, "அவரே பஸ்ல வந்துருவாரு" என்றார் அத்தை. யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

ரொம்ப நேரம் கழித்துப் படகு தெரிந்தது. எஞ்சின் பக்கத்தில் மாமா, முன்னால் ஆறுமுகம். வழியில் எஞ்சின் மக்கர் பண்ணிவிட்டதாம். கரையில் இறங்கிய மாமா எங்கள் கூட்டத்தைப் பார்த்தார்.

"யாருபா செத்தது?" என்றார்.

அத்தை காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவர்மேல் வீசிவிட்டு, உட்கார்ந்து அழுதார்.