தில்லைநாதனின் நீளக் காற்சட்டையும் உளமருத்துவ முன்னேற்றமும்

மனித மனத்தைப் பழுதுபார்க்கும் கலை வளர மேலைநாடுகளுக்கு நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. கொழும்பு வெள்ளவத்தைக்கு நான்கே ஆண்டுகள் போதுமாயிருந்தன. தொண்ணூற்றிரண்டுக்கும் தொண்ணூற்றாறுக்கும் இடையில், காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இயங்கிய 'மனச்சாந்தி நிலையம்' இந்தச் சாதனையைத் தில்லைநாதன் என்ற ஒரே மனிதரை வைத்துச் செய்து முடித்தது.

தில்லைநாதன் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் கிளாக்கர். அவருக்கு விநோதமான வியாதி. இரவில் நீளக் காற்சட்டை போட்டு, பெல்ற் இறுக்கி, பொக்கற்றில் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் வைத்துக்கொண்டுதான் படுப்பார். இரவில் ஆமி தமிழர் வீடுகளைச் சுற்றிவளைத்துப் பிடித்தால் மரியாதையாக இறங்கிப் போகலாமே! ஆனால் பெல்ற்றின் கொக்கி வயிற்றில் குத்தும். மணிக்கு ஒருதரம் விழிப்பார். அடுத்த நாள் கந்தோரில் கோப்பின் மேல் தூங்கி விழுவார். "இன்னொருக்கா நித்திரை கொண்டால் வேலை இல்லை" என்று மனேஜர் சொல்லிவிட்டார். மனைவி பத்மாவதி அவரைக் கையில் பிடித்து நிலையத்தின் மாடிப்படி ஏற்றினாள்.

முதலாவது டொக்டர் கொன்ஸ்ரன்ரைன். நோயாளியைச் சோபாவில் கிடத்தி, தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"சின்ன வயசில உங்கட கால்சட்டையை ஆர் கழட்டினது?"

"அம்மா. குளிக்க வாக்கேக்க."

"ஆ!" என்றார் டொக்டர். எட்டு மாதமாக அந்த 'ஆ'வையே ஆராய்ந்தார். தில்லைநாதன் அஞ்சுவது பொலிசுக்கு அல்ல, அம்மாவுக்கு என்பது முடிவு. சாவகச்சேரியிலிருந்த அம்மாவைக் கேட்டு இதை உறுதிப்படுத்த முடியவில்லை; சண்டையால் வடக்குப் பாதை பூட்டியிருந்தது.

அடுத்து வந்த றேமண்ட், முன்னவரின் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றித் தன்னுடையதை அதே ஆணியில் மாட்டினார். "அம்மாவும் ஆட்டுக்குட்டியும்! மனுசன் எண்டால் பழக்கம், அவ்வளவுதான்" என்றார். கதவைத் தட்டுவார், உடனே ஒரு இனிப்பு ரொபி கொடுப்பார். மூன்று மாதத்தில் அரிய பலன் கிடைத்தது. பயம் அப்படியே இருக்க, கூடவே வாயும் ஊறத் தொடங்கியது. வீட்டுக் கதவைத் தட்டிய கேஸ்காரனுக்கு முன்னால் தில்லைநாதன் நடுங்கியபடி கையை நீட்டினார். அவன் ஒன்றும் விளங்காமல் சிலிண்டரை வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

மூன்றாவதாக, கொட்டாஞ்சேனையிலிருந்து மரியகொறற்றி வந்தாள். நோயாளி சொல்வதையே திருப்பிச் சொல்வது அவளுடைய 'மனிதநேய' முறை.

"எனக்குப் பயமாக் கிடக்கு, மிஸ்."

"உங்களுக்குப் பயமாக் கிடக்கு."

"போன கிழமையும் வந்தவங்கள்."

"போன கிழமையும் வந்தவங்கள்."

"ஐயோ, உங்கட வீட்டையுமோ!" என்று தில்லைநாதன் பதறினார். மரியகொறற்றி விம்மி அழுதுவிட்டாள். மிச்ச நேரம் முழுக்க அவர்தான் ஆறுதல் சொன்னார்.

நான்காவது டொக்டர் நமசிவாயம். கடைசியாக வந்தது என்பதால் அவருடைய முறையே விஞ்ஞானபூர்வமானது. பயம் என்பது பிழையான சிந்தனை. ஆதாரம் கேட்டால் ஓடிவிடும்.

"போன வருசம் உங்கட ஒழுங்கையில எத்தினை தரம் சுத்திவளைச்சவங்கள்?"

"பதினொருதரம்."

"முன்னூத்தி அறுபத்தைஞ்சில பதினொண்டு. அப்ப, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இரவு உங்கட பயம் பிழை. விளங்குதோ?"

காப்புறுதிக்காரருக்கு விளங்காமல் போகுமா? அன்றிரவே பத்மாவதி காற்சட்டையை அட்டையோடும் துண்டோடும் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். தில்லைநாதன் சாரம் கட்டிக்கொண்டு படுத்தார். அடேயப்பா, என்ன குறட்டை! மனேஜர் கைகொடுத்துப் பாராட்டினார். அந்த இரண்டு கிழமையும் தில்லைநாதன் மெய்யாகவே சந்தோசமாக இருந்தார்.

மூன்றாவது கிழமை, மிச்ச மூன்று வீதம் வந்து விடியற்காலையில் கதவைத் தட்டியது.

"அத் உஸ்ஸண்ட!" என்று சிங்களத்தில் கையைத் தூக்கச் சொன்னான் சிப்பாய். இரண்டு கையையும் தூக்கினால் சாரம் போகும். சாரத்தைப் பிடித்தால் உயிர் போகும். தில்லைநாதன் ஒரு கையைத் தூக்கினார். பத்மாவதி அலுமாரித் திறப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே லொறி புறப்பட்டுவிட்டது.

லொறிக்குள், அடுத்த ஒழுங்கையில் முன்னமே ஏற்றப்பட்ட டொக்டர் நமசிவாயம் இருந்தார். மடிப்புக் கலையாத நீளக் காற்சட்டை, பெல்ற், சப்பாத்து. சேர்ட் பொக்கற்றில் அடையாள அட்டை.

"டொக்டர்... நீங்கள் லோங்ஸோடயே படுக்கிறனீங்கள்?"

"பின்ன? நான் தமிழன் எல்லே."

"அப்ப நான்?"

"நீங்கள் நோயாளி."

அட்டையைக் காட்டிய டொக்டரை ஒரு மணித்தியாலத்தில் விட்டார்கள். தில்லைநாதனுக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. நிலையத்தின் அவ்வருட அறிக்கை அவரைப் பெருமையோடு குறிப்பிடுகிறது: "திரு. தில்லைநாதன், பூரண குணம். பொலிஸ் கூட்டுக்குள்கூடப் பத்தொன்பது இரவும் சாரத்தோடேயே படுத்தார்."