புதியவர்களுக்கு உகந்த பாறை

“உங்க ஊர்லயே ரொம்ப உயரமான இடம் எது?” என்று இவானோ கேட்டான். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

“மாதா கோயில் மணிக்கூண்டு.”

“ஏறியிருக்கியா?”

“எதுக்கு? மணி கீழேயே கேக்குமே.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரான கியோஜாவுக்கு வந்து, கடலோரம் என்னோடு நடந்து, கீழே நின்றே அந்த மணியைக் கேட்பதாக வாக்குக் கொடுத்தான். அப்போது அவன் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அவனைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு அவன் பிறந்த டோலோமைட் மலைக்கு வாழ வந்தேன். மனித நாகரிகம் தன் உச்சத்தைத் தொட்டிருப்பது இங்கேதான் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். பிற தேசத்தார் பாறையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் பள்ளத்தாக்கினர் அதில் இரும்பு முளை அடித்து, வடம் கட்டி, ‘பாதை’ என்று பெயர் சூட்டுவார்கள். ஞாயிறுதோறும் அதில் தொங்குவார்கள். நான் கியோஜாப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் இவானோ பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பான். “அப்புறம் பேசலாம், மேகம் வந்துடும்” என்பான். கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொள்வேன்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் வலிக்குது,” என்பார் என் மாமியார் நீவெஸ். “பக்தியுள்ள முழங்கால்.”

இந்த ஆண்டு பள்ளத்தாக்கின் கருணை கரைபுரண்டது. சமவெளி மக்களும் உய்யட்டும் என்று, ‘புதியவர்களுக்கு உகந்த’ வடப் பாதை ஒன்றைப் பாறையில் அமைத்தார்கள். அதை மேற்பார்வையிட ‘புதியவர் நலக் குழு’ பிறந்தது. தலைவர் இவானோ. உறுப்பினர் என் மாமியார். செயலாளர் துல்லியோ, ரோப்கார் நிலையத்தில் ஓய்வு பெற்றவர். எதையும் விதியாக மாற்றாமல் அவருக்குச் செரிக்காது.

எங்கள் சமையலறையில் கூடிய குழு, பாதையின் எளிமையைத் தீர ஆராய்ந்தது.

“நான் ஒரு கையில பொலெந்தாக் கூழ்ச் சட்டியோட ஏறிப் பாத்தேன்,” என்றார் மாமியார். “பாதி வழியில கொட்டாவி வந்துடுச்சு.”

“‘உறுப்பினர் கொட்டாவி விட்டார்.’ சரி,” என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் துல்லியோ. “ஆனா புது ஆள் ஒருத்தர் ஏறிச் சோதிச்சாகணும். பயப்படத் தெரிஞ்ச ஆள்.”

குழு சிந்தித்தது. பள்ளத்தாக்கில் அப்படி ஒருவரும் பிறந்திருக்கவில்லை. பிறகு மூவரும், காபி ஊற்றிக்கொண்டிருந்த என் பக்கம் மெல்லத் திரும்பினார்கள்.

“என் முழங்கால்...” என்றேன்.

“நீ கையால ஏறு. அது சும்மா கூட வரும்,” என்றார் மாமியார்.

ஞாயிறு காலை, தலைக்கவசமும் இடுப்புவாரும் பூட்டி என்னைப் பாறைமுன் நிறுத்தினார்கள். வாரிலிருந்து இரண்டு கொக்கிகள் தொங்கின. இரண்டையும் வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். முளை வந்ததும் ஒன்றைக் கழற்றி அதற்கு அப்பால் மாட்டிவிட்டுத்தான் மற்றதைத் தொடலாம். துல்லியோ தொண்டையைச் செருமினார்.

“முக்கியமான விதி. ரெண்டு முளைக்கு நடுவுல ஒருத்தர்தான். முன்னால போறவங்க அடுத்த முளையத் தாண்டுற வரைக்கும் பின்னால இருக்கறவங்க நகரக் கூடாது. யாரா இருந்தாலும்.”

“தலைவரா இருந்தாலுமா?” என்றேன்.

“கையெழுத்தே தலைவரோடதுதான்.”

முதலில் நான், பிறகு இவானோ, மாமியார், கடைசியில் துல்லியோ. ‘உகந்த’ பாறை என் மூக்கை உரசியது. மீனவர்களைக் காக்கும் புனிதர்களையெல்லாம் மலைக்கு அழைத்தேன்.

“கீழ பாக்காத,” என்றான் இவானோ.

“மேலயும் பாக்கல. கண்ணையே திறக்கல.”

“கண்ண மூடிக்கிட்டே ஏறுறா,” என்றார் மாமியார். “எழுதிக்க துல்லியோ, அவ்வளவு சுலபம்.”

ஒரு திருப்பத்தில் கால் பதிக்கத் தாராளமாக இடம் இருந்தது. கண்ணைத் திறந்தேன். மலைகளின் இடைவெளியில், தெற்கே வெகு தொலைவில், வெள்ளி இழை போல ஒன்று மின்னியது. கடல். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடல். அப்படியே நின்றுவிட்டேன்.

“கொக்கிய மாத்து, ஒர்னெல்லா,” என்றான் இவானோ.

“மாட்டேன்.”

இவானோ என் பக்கம் வரக் காலைத் தூக்கினான்.

“விதி,” என்றது கீழிருந்து துல்லியோவின் குரல்.

தலைவரின் கால் பழைய இடத்துக்கே திரும்பியது. தலைவருக்குக் கீழே மாமியாரும் நின்றார். புதியவர் நலக் குழு முழுவதும், ஆளுக்கொரு முளையில், என் நலனுக்காகத் தொங்கியது.

அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இவானோ எங்கும் போக முடியாமல் எனக்காக நிற்பது இதுவே முதல்முறை. பூட்ஸ் நாடா கட்டியாகிவிட்டது. வானத்தில் மேகமும் இல்லை.

“பயமா இருக்கா?” அவன் குரல் இளகியிருந்தது.

“இருக்கு. இந்தப் பாறையால இல்ல.”

“ஏதாவது கேக்கணும்னா கேட்டுத் தொலைம்மா,” என்றார் மாமியார். “முளை இடுப்புல குத்துது.”

வடத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கிருந்தோ வர்றவங்களுக்கெல்லாம் வடம் கட்டி, கையப் பிடிச்சு ஏத்திவிடுறீங்க. உன் வீட்டுக்கு வந்த புது ஆள் நான். எனக்குன்னு ஒரு முளையாவது அடிச்சியா, இவானோ? அடுத்த ஞாயிறு கியோஜாவுக்கு வா. என்கூடக் கீழ நின்னு அந்த மணியக் கேளு.”